பதினேழாம் நம்பரிடம் கேட்காத கேள்வி

"அக்கா, இந்தப் பதினேழாம் நம்பர் யாரு?"

போனில் மேற்பார்வையாளர் கேட்ட இந்த ஒற்றைக் கேள்வியோடுதான் போன வாரம் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவள் வாயைத் திறப்பதற்குள், "காலையில எட்டு மணிக்கு நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் கூடத்தில் பதினாறு வருஷம் நீராவி இஸ்திரி மெஷின் முன்னால் நின்றவள் அவள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. கூட வேலை பார்த்த பெண்கள் புருஷன் அடித்ததையும் பிள்ளை ஓடிப்போனதையும் அவளிடம்தான் வந்து கொட்டுவார்கள். அதைப் பார்த்துத் தொழிலாளர் நல மையத்தில் உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவளுக்குப் பெயர் இஸ்திரி அக்கா. பட்டயப் படிப்பு முடித்தாள், தேர்வு எழுதினாள், தேறினாள். இனி மனநல ஆலோசகர் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

அதற்கு மேற்பார்வையில் இரண்டாயிரம் மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அவள் பதிவேட்டில் இரண்டாயிரத்துப் பதினொன்று இருந்தது. இன்று மாலை நாலு மணிக்குள் சான்றிதழ் தரும் வாரியத்தில் கொடுத்தாக வேண்டும். நாளையிலிருந்து விதி மாறுகிறது. முதுகலைப் பட்டம் இல்லாதவர்கள் விண்ணப்பமே போட முடியாது. அவளுக்கு வயது நாற்பத்தாறு. இதை விட்டால் சாகும்வரை உதவியாளர்தான்.

காலை ஆறரை மணி. வீட்டுக்காரர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் படுக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் விடிய விடிய உறைந்த பெட்டிகளை ஏற்றி இறக்கி, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அந்த விரல்களால் அவளுடைய செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, அதுல என்ன இருக்கு. நான் துடைச்சுக்கறேன்."

"நீ போய் கவுன்டர்ல நிக்கறப்ப அவன் முதல்ல காலத்தான் பாப்பான். எனக்குத் தெரியும்." துணியை உதறினார். "இனிமே உன்கிட்ட சண்டை போடணும்னாலும் டோக்கன் எடுத்துட்டுத்தான் வரணும் போல."

"உங்களுக்கு டோக்கன் கிடையாது. ஒரேயடியா வேற ஆள்கிட்ட ரெஃபர் பண்ணிடுவேன்."

அவர் சிரித்தார். சுவர் ஓரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் தம்பி சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வயதானாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். டீயில் ஆடை படிந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

"டேய், அண்ணி இன்னைக்கு ஆபீசர் ஆகப் போறா. ஏதாவது சொல்லேன்."

"நல்லா நடக்கட்டும் அண்ணி" என்றான் சின்னவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அவன் கட்டட வேலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் உச்சி வேளையில் கயிறு அறுந்து பாரம் விழுந்தது. கீழே கொடி காட்டிக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். அண்ணன்காரர் போய் நின்று, "என் தம்பி கயிறை விரலால தடவிப் பாக்காம மேல ஏற மாட்டான்" என்று சாட்சி சொன்னார். அன்றிலிருந்து சின்னவன் கிரேன் பக்கம் போகவில்லை. வீட்டில் பேசுவதும் இல்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவன் பேசாமல் இருந்தால் அது நாலு பேர் கூச்சல் போடுவதைவிட அதிகமாகக் கேட்கும்.

அவள் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மையத்தில் மேற்பார்வையாளருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். நேராகக் கூப்பிடும்போது மேடம். வயது முப்பத்தொன்று. இஸ்திரி அக்கா எழுதிய குறிப்புகளில் இரண்டு வருஷமாகச் சிவப்பு மையில் கோடு போட்டவர். "அழுதார் என்று எழுதாதீங்கக்கா, எத்தனை நேரம், எதைச் சொல்லும்போதுன்னு எழுதுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்.

மேஜை மேல் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பதினேழாம் நம்பரின் பதிவு அட்டை. இன்னொன்று அவளுடைய பணியாளர் படிவம்.

"கடைசித் தடவையா எல்லா அட்டையையும் சரிபார்த்தேன் அக்கா. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர்னு ஒரு இடம் இருக்குல்ல. ரெண்டுலயும் ஒரே நம்பர்."

அவள் பார்த்தாள். வீட்டுக்காரருடைய நம்பர்.

மையத்துப் பதிவேடுகளில் யார் பெயரும் இருக்காது. வருகிறவர் டோக்கன் எடுக்க வேண்டும், அட்டை நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகு அவர் வெறும் நம்பர். அந்த மறைவு ஆட்களின் மானத்துக்காக. அதற்குள் போய் அவள் ஒளிந்துகொண்டாள் என்பதுதான் உண்மை. ஒரு செவ்வாய்க்கிழமை சின்னவன் மற்றவர்களோடு வரிசையில் வந்து, டோக்கனை நீட்டி, "வீட்ல வெச்சுப் பேச மாட்டேன் அண்ணி. இங்கன்னா பேசறேன்" என்றான். டோக்கன் எடுத்துவிட்டானே, முறைப்படிதானே வந்திருக்கிறான் என்று அவள் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு முப்பத்தெட்டு செவ்வாய்க்கிழமைகள். அண்ணன் அவன் வேலை தேடிப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மணி நேரம் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு மணி நேரம் சும்மா கிடைக்காது.

"சொந்தக்காரங்களுக்கு ஆலோசனை குடுக்கக் கூடாது. முதல் பாடம் அது. உங்களுக்குத் தெரியாததில்ல" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. "ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கத்துல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க மாட்டினா நானும் மாட்டுவேன்."



மேடம் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சில பேர்கிட்ட போன் இருக்காது. பக்கத்து வீட்டு நம்பரைக் குடுத்துடுவாங்க. நடக்கறதுதான். அப்படி யாராவதுன்னு நீங்க சொன்னா, நான் அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

இஸ்திரி மெஷினின் மூடி இறங்கும்போது கையை இழுக்க ஒரு நொடிதான் இருக்கும். யோசித்தால் கை போச்சு.

"ஆமா மேடம். பக்கத்து வீடு."

சொல்லிவிட்டாள். சுலபமாகத்தான் வந்தது.

மேடம் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். இறுதிச் சரிபார்ப்புக்கு ஒவ்வொருவர் கோப்பிலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். பத்து, பதினொன்று. பக்கம் புரளும் சத்தம் மட்டும். பதினாறு.

பதினேழில் பேனா நின்றது.

"அக்கா, எட்டாவது கட்டம் காலியா இருக்கு."

முதல் நாள் கேள்வித்தாளில் எட்டாவது கேள்வி. எவர் வந்தாலும் கேட்டே ஆக வேண்டியது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராக, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். மூட்டை தூக்குகிறவரிடம் கேட்டிருக்கிறாள். பரீட்சையில் தோற்ற பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். கேட்டால் யோசனை வந்துவிடும் என்று பயப்படக் கூடாது, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மேடம் வேகமாகப் பக்கங்களைத் தள்ளினார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி கேக்கணும். எதுலயும் இல்ல. மத்தவங்களுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க. இவருக்கு ஒரு வரி. 'பேசினார்.' அடுத்த வாரம் 'தூக்கம் இல்லை என்றார்.'" தலையைத் தூக்கினார். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இதைக் கேக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவள் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள்.

பயம்தான் காரணம். ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால்? அதை எழுத வேண்டும், மேலே சொல்ல வேண்டும், வீட்டில் சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்பது போல முப்பத்தெட்டு வாரம் அந்தக் கேள்வியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். எதிரில் ஆலோசகர் உட்காரவில்லை. அண்ணிதான் உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரரோட தம்பி" என்றாள். "எனக்குக் கேக்க வாய் வரல மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"சான்றிதழ் அப்புறம். அவர் இப்ப எங்க இருக்கார்?"

சின்னவனிடம் போன் கிடையாது. வீட்டுக்காரருக்கு அடித்தாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"என்ன, கையெழுத்து வாங்கியாச்சா?"

"சின்னவன் இருக்கானா?"

"இருக்கான். சுவத்தைப் பாத்துட்டு இருக்கான். ஏன்?"

"மையத்துக்கு அனுப்புங்களேன். ஃபைல் கட்டு தூக்கணும்."

"அவ்வளவு ஃபைலா? ஆபீசரம்மா." சிரித்துக்கொண்டே வைத்தார். காலையில் இரண்டாவது பொய்.

பதினோரு மணிக்கு அவன் வந்தான். நடைவழியில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், அவள் நின்றபடியே சொன்னாள். தான் செய்தது தப்பு என்று. இனிமேல் அவன் அவளிடம் வரக் கூடாது என்று. உள்ளே இருக்கிற மேடம் இன்றைக்கே அவனோடு பேசுவார் என்று.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"அப்ப இத்தனை நாள் நான் யார்கிட்ட பேசினேன் அண்ணி?"

"தம்பி..."

"வீட்ல அண்ணி. இங்க வேற ஆள்னு நெனச்சேன். இப்ப ரெண்டுமே இல்லங்கறீங்க."

"வீட்ல நான் இருக்கேன்டா."

"வீட்ல பேச முடியும்னா நான் ஏன் டோக்கன் எடுக்கறேன்?" திரும்பி வாசலைப் பார்த்தான். போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டீங்களா? கயிறைப் பத்தியும்?"

"எழுதல. முக்கியமா எதையும் எழுதல. அதுவும்தான் தப்பு."

அவன் முகத்தில் என்னவோ மாறியது. நிம்மதியா, ஏமாற்றமா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொழில் தெரிந்தவள்தான். அந்த நொடியில் ஒன்றும் தெரியவில்லை.

"பத்து நிமிஷம் உக்காரு. பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிடு. நான் தடுக்க மாட்டேன்."

அவன் உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவள் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். பதினேழாம் நம்பர் என்று இருந்த ஒவ்வொரு வரியையும் அடிமட்டம் வைத்து அடித்தாள். முப்பத்தெட்டு கோடுகள். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மணி நேரங்கள் ஆலோசனை இல்லை என்று இப்போது அவளுக்கே தெரியும். கடைசியில் கூட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.

கதவு திறந்து சின்னவன் வெளியே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது. "வீட்டுக்குத்தான் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

"கேட்டீங்களா?" என்று அவள் எழுந்தாள். "என்ன சொன்னான்?"

மேடம் அவளைப் பார்த்தார். "அக்கா, அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது."

சரிதான். சரியான பதில். அவளே ஆயிரம் அம்மாக்களிடம், ஆயிரம் மனைவிமாரிடம் சொன்ன பதில். இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"சொல்லலாம்னு அவர் ஒத்துக்கிட்டது ரெண்டே விஷயம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி வர்றார். இன்னைக்கு ராத்திரி அவரைத் தனியா விடக் கூடாது. நீங்க மட்டும் இருந்தா போதாது, இன்னொருத்தரும் இருக்கணும். நீங்க மறுபடி ஆலோசகர் நாற்காலியில போய் உக்காந்துடுவீங்க."

அது போதும், மீதி புரிய. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு கோடுகளையும் பார்த்தார். அடியில் எழுதினார்: 'மேற்பார்வையில் என் பங்குத் தவறும் உண்டு.' சிவப்பு மையில், கையெழுத்தோடு.

வாரிய அலுவலகம் போய்ச் சேர மூன்றரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்தர், கால்குலேட்டரில் தட்டினார். மறுபடி தட்டினார்.

"இருபத்தேழு மணி குறையுதேம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சேவா கொண்டாந்தீங்க?"

"வாங்கினதா முத்திரை போட்டுக் குடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைப் பார்க்கவில்லை. "நிராகரிப்புதான் வரும். மூணு வேலை நாளுக்குள்ள விளக்கக் கடிதம் குடுத்தீங்கன்னா குழு பாக்கும். ஆனா அடிச்ச மணி நேரம் யாருடையது, ஏன் அடிச்சீங்க, எல்லாம் இருக்கணும். சம்பந்தப்பட்ட ஆளோட சம்மதக் கையெழுத்தும் வேணும்."

"அவர் குடுக்கலன்னா?"

"அப்ப கடிதம் எதுக்கு?" முத்திரையை ஓங்கிக் குத்தினார். மூன்று ஐம்பத்திரண்டு.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு கால்சட்டை, ஒன்றின் மேல் ஒன்று. முழங்கால் வரை வரும் தடித்த கோட்டு. ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். சின்னவன் அதே சுவர் ஓரம்.

"குடுத்துட்டியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னான்?"

"இருபத்தேழு மணி குறையுதுன்னான்."

ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "எப்படிக் குறையும்? பதினொண்ணு அதிகமா இருக்குன்னு நீதானே ஊரெல்லாம் சொன்ன."

"கொஞ்சம் அடிச்சுட்டேன்."

"அடிச்சுட்டியா? எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லக் கூடாது. சொல்லாமல் இன்றிரவு இவரை நிறுத்தவும் முடியாது. "இன்னைக்கு லீவு போடுங்களேன்" என்றாள்.

"லீவா? என்ன பேசற நீ? ரெண்டு வருஷம் ராப்பகலா படிச்சு, கடைசி நாள்ல நீயே கோடு போட்டுட்டு வந்திருக்க. நான் இங்க உக்காந்து உன் மூஞ்சியைப் பாக்கவா?" குரல் தடித்தது. "காலையில சின்னவனைக் கூப்பிட்ட. ஃபைல் தூக்கினவன் அழுத மூஞ்சியோட வர்றான். என்கிட்ட எதை மறைக்கறீங்க ரெண்டு பேரும்?"

அவள் தரையைப் பார்த்தாள். வெளியே வேனின் ஹாரன் கேட்டது. அவர் சோற்றுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். செருப்பில் காலை நுழைத்தார்.

"அண்ணே."

பதினாலு மாதத்தில் இந்த வீட்டுக்குள் அவனாகப் பேச்சை ஆரம்பித்தது இதுதான் முதல் தடவை. இருவருமே திரும்பினார்கள்.

"இன்னைக்குப் போகாத" என்றான் சின்னவன். "அண்ணி அடிச்சது என் மணி நேரம். முப்பத்தெட்டும் நான்தான்."

ஹாரன் மறுபடி அடித்தது. வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் வாசலுக்குப் போய்த் தலையை நீட்டி, "நீ போப்பா. நான் வரல" என்றார். திரும்பி வந்து, கோட்டோடேயே தரையில் சப்பணம் போட்டுத் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லுடா."

சின்னவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

முப்பத்தெட்டு வாரம் கேட்டவள் அவள். அந்தச் சொல் அவளைக் குத்தியது, அதுதான் சரி என்றும் தெரிந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாடிப்படியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். கீழே வேன் புறப்பட்டுப் போனது. உள்ளே சின்னவனின் குரல் தாழ்வாக, விட்டுவிட்டு வந்தது. சொற்கள் கேட்கவில்லை. கேட்க முயலவும் கூடாது என்று பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எண்ணினாள்.

பிறகு வீட்டுக்காரரின் குரல். ஒரே ஒரு தடவை, பெரிதாக.

"கயிறைப் பாக்காம ஏற மாட்டான்னு நான் அங்க போயி சத்தியம் பண்ணினேனேடா."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அழுகை இல்லை, ஆள் அசையும் ஓசை இல்லை, ஒன்றுமில்லை. துணிகளை எண்ணியது பாதியில் நின்றது. அவள் கை கதவின் பிடிக்குப் போனது. எடுத்தாள். மறுபடி போனது.